தொட்டித் தண்ணீர்

வெண்ணெய்க்குள் ஓர் ஆணி கிடந்தது.

சின்ன ஆணிதான். துருப்பிடித்தது. ரொட்டியில் தடவக் கத்தியை இழுத்தபோது நறுக்கென்று தட்டுப்பட்டது. லோர்னா கத்தியைக் கீழே வைத்தாள். வெண்ணெயைக் கிண்ணத்தோடு தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். அது கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கிண்ணம். கழுவி எடுத்து வைக்கலாம்தான். அதைத் தொடவே பிடிக்கவில்லை.

கூரையைப் பிரித்த நாளிலிருந்து, இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரிலிருந்த அந்தச் செங்கல் வீட்டில் எதையுமே தொடப் பிடிக்கவில்லை. சர்க்கரையில் தூசி. தலையணையில் தூசி. பூட்டிய அலமாரிக்குள் மடித்து வைத்த துணியில்கூட, யாரோ மாவு சலித்ததுபோலச் சாம்பல் நிறத் தூசி. மாடிப்படி விரிப்பில் எலிப் புழுக்கை. வேலையாட்கள் ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போன தேநீர்க் குவளைகளில் சிகரெட் துண்டுகள் ஊறி உப்பிக் கிடந்தன. கழிவறை இருக்கையின்மேல் ஒரு பூட்ஸ் தடம். அதன்மேல் எதற்கு ஏறினான் என்று கேட்கவும் அவளுக்குக் கூசியது.

எல்லாம் ஓர் அறைக்காக.

போன இலையுதிர் காலத்தில் மாமனார் வில்ஃப், பக்கத்து ஊரான மார்ப்பிளில் தனியாகக் குடியிருந்த தன் வீட்டில் வழுக்கி விழுந்தார். லோர்னாவின் கணவன் டங்கன் போய் அப்பாவை அழைத்து வந்தான். மகள் பிரையனியின் அறையை அவருக்குக் கொடுத்தான். பதினேழு வயதுப் பெண், பரீட்சை வருகிற சமயத்தில், கூடத்துச் சோபாவில் புத்தகங்களுக்கு நடுவே உறங்கினாள். கூரையடியில் சும்மா கிடந்த பரணை அவளுக்கு அறையாக்கித் தருவது என்று முடிவானது. மார்ப்பிள் வீட்டை விற்ற பணத்தில் வேலையை முடிப்பது. வாங்க ஆளும் கிடைத்தாயிற்று. வில்ஃப் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

வழக்கமாக வியாழக்கிழமை லோர்னா வேலைக்குப் போய்விடுவாள். பல் மருத்துவமனையில் நோயாளிகளின் பற்காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற வேலை. ரத்தம், சீழ், சொத்தை, நாற்றம் எதற்கும் அங்கே அவள் முகம் சுளித்ததில்லை. இன்று வயிறு சுருட்டிப் பிடித்ததால் வர முடியாது என்று சொல்லிவிட்டாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு இப்படித்தான். வில்ஃபுக்கும் அதே கதை.

அவர் மேஜையில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தொன்பது வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் காறினால் பக்கத்து வீடு வரை கேட்கும். கைக்குட்டையில் துப்புவார், விரித்துப் பார்ப்பார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். லோர்னா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

"வயிறு எப்படி இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ராத்திரி பூரா நடைதான். உனக்கு?"

"அதே."

"டங்கனுக்கு ஒண்ணும் இல்லை பாரு. அவனுக்கு இரும்பு வயிறு. அவங்க அம்மா மாதிரி."

"கை கழுவினீங்களா, வில்ஃப்?"

அவர் ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். "கழுவினேன்மா."

"சோப்புப் போட்டு?"

"சோப்புப் போட்டு."

இந்தக் கிருமியை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவர்தான் என்பதில் லோர்னாவுக்குச் சந்தேகமே இல்லை. அவருக்குத் தனித் துண்டு வைத்திருந்தாள். அவர் தொட்ட கதவுக் கைப்பிடிகளை மருந்து நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே பின்னால் போவாள். கை கழுவச் சொல்லி மாடிக் குளியலறைக்கு அனுப்புவாள். அவரும் மறுபேச்சில்லாமல் போய்க் கழுவிக்கொண்டு வருவார்.

மேலே தடதடவென்று சத்தம். யாரோ சிரித்தார்கள்.

"இன்னிக்கு என்ன உடைக்கிறாங்களாம்?" என்றார் வில்ஃப்.

"பழைய தண்ணித் தொட்டியை எடுக்கிறாங்களாம். பிளம்பர் வந்திருக்கார்."

காலிக் குவளைகளை எடுத்து வரலாம் என்று அவள் மாடி ஏறினாள். பாதிப் படியில் எதிரே ஃபெர்கஸ் இறங்கி வந்தான். கட்டட வேலையை ஒப்பந்தம் எடுத்திருப்பவன். கையில் வாளி, மேலே ஈரச் சாக்கு. அவளைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"மேடம், நீங்க வேலைக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அது என்ன?"

"ஒண்ணுமில்லை. குப்பை."

அதற்குள் வாடை அவளை எட்டிவிட்டது. இனிப்பும் அழுகலும் கலந்த, பூச்சாடியில் வாரக்கணக்கில் மாற்றாத தண்ணீரின் வாடை. அவள் சாக்கின் ஓரத்தைத் தூக்கினாள்.

முதலில் எதுவும் புரியவில்லை. ஊறிய காகிதக் கூழ் போல ஏதோ. பிறகு அதில் ஒரு சிவந்த கால் தெரிந்தது, மூன்று விரல்களோடு. இறகுகள் தோலோடு வழன்று தனியாக மிதந்தன.

"புறா," என்றான் ஃபெர்கஸ்.

"எங்க கிடந்துது?"

அவன் பிளம்பர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். "தொட்டியில."

"எந்தத் தொட்டி?"

"மேல இருந்த தொட்டிதான், மேடம். உங்க பாத்ரூம் குழாய்க்குத் தண்ணி வருமே, அது."

லோர்னா அன்று எழுந்ததும் பல் தேய்த்திருந்தாள். அவள் தொழில் அது. வெறுமனே தேய்க்க மாட்டாள். ஈறு, நாக்கு, கடைவாய் என்று நிதானமாகத் தேய்த்து, வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளிப்பாள். தினமும் காலை, மாலை, சாப்பிட்டபின் என்று அந்தக் குழாயில்தான்.

அவள் குளியலறைக்கு ஓடினாள். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. வாய் கழுவக் குழாயைத் திருகப் போனவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். சட்டை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே சமையலறைக்கு வந்து, அங்கே தொட்டியில் தேங்காமல் தெருக் குழாயிலிருந்து நேராக வருகிற தண்ணீரில் வாயைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

நிமிர்ந்தபோது ஜன்னல் விளிம்பு கண்ணில் பட்டது. அங்கே ஒரு குவளையில் இரண்டு பல் துலக்கும் பிரஷ்கள். நீலம் டங்கனுடையது. பச்சை பிரையனியுடையது.

கூரை வேலை தொடங்கிய வாரமே அவை கீழே வந்துவிட்டன. "மேல ஒரே தூசி" என்றான் டங்கன். பாத்திரம் கழுவுகிற இடத்தில் எச்சில் துப்புகிறானே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் அதற்காகச் சண்டையும் போட்டாள்.

ஃபெர்கஸ் வாளியை வெளியே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"டங்கன் உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன், மேடம்."

"அவருக்குத் தெரியுமா?"

"அவருதான் மொதல்ல பாத்தாரு. வேலை ஆரம்பிச்ச அன்னிக்கே. டார்ச் அடிச்சுப் பாத்துட்டு எனக்கும் காமிச்சாரு. இப்போ எடுத்தா தொட்டியைக் காலி பண்ணணும், கழுவணும், பிளம்பர் கெடைக்கிற வரைக்கும் மாடியில தண்ணி இருக்காதுன்னேன். சரி, தொட்டி போறப்போ அதுவும் போகட்டும்னுட்டாரு."

"நீங்களும் சரின்னுட்டீங்க."

"அவரு வீடு, மேடம்." சொல்லிவிட்டு, அது சரியான பதில் இல்லை என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

மேஜையில் வில்ஃப் அசையாமல் இருந்தார். எல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது. மெதுவாகக் கையை உயர்த்தி, மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். அப்புறம் கீழ்வரிசையை. ரொட்டித் துணுக்குகளுக்கு நடுவே அவை ஈரமாக மினுங்கின. ராத்திரிதோறும் அவர் அவற்றைக் குளியலறைத் தண்ணீரில்தான் ஊறப் போடுவார்.

"என் மவன்," என்றார். பல் இல்லாத வாயில் அந்தச் சொல் காற்றாக வந்தது.

லோர்னா தட்டைப் பார்த்தாள். நேற்றுவரை அந்தப் பற்கள் கண்ணில் பட்டாலே எழுந்து போய்விடுவாள். இன்று தன் வேலைப் பையைத் திறந்து கையுறையும் சின்னத் தூரிகையும் எடுத்தாள். பல்செட்டைச் சமையலறைக் குழாயடியில் பிடித்து, ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்தாள். நோயாளிக்குச் செய்கிற மாதிரியே செய்தாள்.

"உங்களுக்குத் தனித் துண்டு வெச்சேன்," என்றாள், திரும்பாமல்.

"வெச்சே."

"கிருமியைக் கொண்டு வந்தது நீங்கதான்னு நெனச்சேன்."

"தெரியும். நான் போனதும் நீ கைப்பிடியைத் தொடைக்கிறது எனக்குக் கேக்கும்."

தூரிகை நின்றது. அவளுக்குத் தன்மேலேயே கசந்துகொண்டு வந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க, வில்ஃப்."

"நீ கை கழுவச் சொன்னே. நானும் கழுவினேன். எதுல கழுவினேன் பாத்தியா?" அவர் சிரிக்க முயன்றார். சிரிப்பு இருமலில் முடிந்தது. கைக்குட்டையை எடுத்துத் துப்பினார். லோர்னா இம்முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சுத்தமான பற்களை அவள் துணியில் வைத்து நீட்டினாள். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு வேண்டாம்மா. வாயில வைக்க மனசு வரலை."

*

சாயங்காலம் மழை தூறியது. வேலையாட்கள் திறந்த கூரைமேல் தார்ப்பாய் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது.

வாசற்கதவு திறந்தது. வினிகர் வாசனையோடு டங்கன் உள்ளே வந்தான்.

"யாரும் சமைக்க வேண்டாம். வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிட்டு வந்துட்டேன். அப்பா, உங்களுக்குப் பட்டாணியும் இருக்கு." காகிதப் பொட்டலங்களை மேஜையில் வரிசையாக வைத்தான். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். கழுத்துப் பட்டை கொஞ்சமும் கலையவில்லை. "தொட்டி போயிடுச்சாமே? இனிமே ஷவர்ல தண்ணி எப்படி வருது பாரு, லோர்னா!" பிறகுதான் அவள் உடையைக் கவனித்தான். "நீ இன்னிக்கு வேலைக்குப் போகலையா?"

"இல்லை. புறாவும் போயிடுச்சு."

அவன் கை ஒரு பொட்டலத்தின்மேல் நின்றது.

"ஓ. பாத்துட்டியா."

"பாத்துட்டேன்."

"சத்தமில்லாம எடுத்துடுன்னு ஃபெர்கஸ்கிட்ட சொல்லியிருந்தேன்." அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "இங்க பாரு, நான் சொல்றதைக் கேளு. அது எப்போ விழுந்துதுன்னு யாருக்குத் தெரியும்? ஒரு வருஷம் முன்னாடியே விழுந்திருக்கலாம். அத்தனை நாள் ஒண்ணும் ஆகலை. இன்னும் சில வாரத்துல என்ன ஆகிடப் போவுதுன்னு யோசிச்சேன்."

"நான் அந்தத் தண்ணியில பல் தேய்க்கிறேன், டங்கன்."

"துப்பிடுற இல்ல?"

அவன் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று லோர்னாவுக்குத் தோன்றியது. உண்மையாகவே, கணக்குப் போட்டுப் பார்த்து, நியாயமான பதில் என்று நினைத்துச் சொன்னான்.

"நான் துப்பலைடா," என்றார் வில்ஃப். பல் இல்லாததால் வார்த்தைகள் வழுக்கின. "என் பல்லு ராத்திரி பூரா அதுல கெடந்துது. காலையில எடுத்து அப்படியே வாயில வெச்சேன்."

"அப்பா, சொல்லியிருந்தா இவ அன்னிக்கே வேலையை நிறுத்தியிருப்பா. ஃபெர்கஸ் அடுத்த வீட்டு வேலைக்குப் போயிருப்பான். திறந்த கூரையோட ஜூன் வரைக்கும் கெடந்திருப்போம். யாருக்காக இதெல்லாம் பண்றேன்? உங்க எல்லாருக்காகவும்தானே?"

"உன் பிரஷ்ஷைக் கீழ கொண்டு வந்தே," என்றாள் லோர்னா. "பிரையனியோடதையும் கொண்டு வந்தே. பக்கத்துலயே என்னோடது இருந்துது. அதை எடுக்க உனக்குக் கை வரலையா?"

டங்கன் பொட்டலத்தின் மடிப்பைச் சரிசெய்தான்.

"எடுத்திருந்தா நீ ஏன்னு கேட்டிருப்பே."

மீன் பொட்டலத்தின் அடியில் எண்ணெய் கசிந்து மேஜையில் பரவியது. லோர்னா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக இந்த ஆளோடு ஒரே கட்டிலில் படுத்திருக்கிறாள். ராத்திரி அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடும்போதெல்லாம் அவன் பக்கத்தில் விழித்துக்கொண்டுதான் இருந்தான். "டாக்டரைப் பாரேன்" என்றுகூடச் சொன்னான். எவ்வளவு அன்பாகச் சொன்னான்! பல் தேய்த்துவிட்டு வந்த அவளுக்கு முத்தம் கொடுக்காமல், நெற்றியைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்ததும் இப்போது நினைவுக்கு வந்தது.

அவள் எழுந்தாள். மாடிக்குப் போய் ஒரு பையில் இரண்டு உடைகளைப் போட்டுக்கொண்டு வந்தாள். கீழே வில்ஃப் ஏற்கெனவே கோட்டை மாட்டியிருந்தார்.

"மார்ப்பிளுக்குக் கொண்டு போய் விடறியா?"

"நானும் வர்றேன். அங்க தங்கலாமா?"

"கட்டில் ரெண்டு இருக்கு. குளிரும். ஆனா தண்ணி நல்ல தண்ணி."

டங்கன் அவசரமாக எழுந்தான். "அப்பா, உட்காருங்க. ஒரு புறாவுக்காக இவ்வளவா? லோர்னா, ஆறிப்போகுது, சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

இரண்டு பேரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வில்ஃபைக் காரில் உட்கார வைத்துவிட்டு லோர்னா மறுபக்கம் வந்தபோது, தெருமுனையிலிருந்து பிரையனி நடந்து வந்தாள். தோளில் பை, தலையில் மழைத் துளிகள். அம்மா கையிலிருந்த பையையும் வாசலில் நின்ற அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா? எங்க போறீங்க?"

"தொட்டியில புறா செத்துக் கெடந்துது."

பிரையனி எதுவும் கேட்கவில்லை. என்ன, எப்போ, ஐயையோ என்று ஒரு வார்த்தையும் வரவில்லை. அவள் கண் சட்டென்று அப்பாவிடம் போய்த் திரும்பியது.

லோர்னா மகளின் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். "உனக்கும் தெரியுமா?"

"அப்பா போன்ல போட்டோ காட்டினாரு. எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துது. நான் அம்மாகிட்ட சொல்லிடுங்கன்னுதான் சொன்னேன்." அவள் தோள்பையின் பட்டையை இறுக்கிப் பிடித்தாள். "சொன்னா நீ வேலையை நிறுத்திடுவேன்னாரு. பரீட்சை முடியிற வரைக்கும் சோபாதான்னாரு."

"ஞாயித்துக்கிழமை நான் வாந்தி எடுத்தப்போ என் முடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே. அப்பவும் தெரியும்."

பிரையனி தலையை ஆட்டினாள். அழுகை பொங்கியது.

"வாய் கொப்பளிக்கக் கிளாஸ்ல தண்ணி குடுத்தியே. எந்தக் குழாயில பிடிச்சே?"

"கீழ ஓடி வந்து பிடிச்சேம்மா. கிச்சன்ல. சத்தியமா. அதனாலதான் அவ்வளவு நேரமாச்சு."

லோர்னாவுக்கு மகளை அடிக்கலாம்போல இருந்தது, கட்டிக்கொள்ளலாம்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. காரின் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறு," என்றாள். மகள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

கார் பெரிய சாலைக்கு வந்து மார்ப்பிள் பக்கம் திரும்பியது. பின்னால் பிரையனி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. ஏற்றத்தில் மழை வலுத்தது.

வில்ஃப் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "நாளைக்கு அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போடணும்மா," என்றார். "என் வீட்டை நான் விக்கலைன்னு சொல்லணும்."

லோர்னா தலையசைத்தாள். அதன் பொருள் என்னவென்று அவளுக்குத் தெரியும். கூரை திறந்தபடியே நிற்கும். தார்ப்பாய்க்கடியில் பாதி வேலையோடு எல்லாம் கிடக்கும். ஸ்டாக்போர்ட் வீட்டில் டங்கன் அதற்குக் கீழே தனியாக உட்கார்ந்திருப்பான். அதை நினைத்தபோது அன்று முதல் முறையாக அவள் வயிறு கொஞ்சம் இளகியது.

பின்னாலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் நின்றது.

"அப்போ," என்றாள் பிரையனி, நிதானமாக, "என் ரூம்?"

அப்பனின் குரல் அது. அதே நிதானம், அதே கணக்கு.

லோர்னா இடப்பக்கம் ஒதுக்கிக் காரை நிறுத்தினாள். கைப்பிரேக்கைப் போட்டாள். பிறகு இருக்கையில் திரும்பி, வீட்டு வாசலில் பார்க்க மறுத்த அந்த முகத்தை நேராகப் பார்த்தாள்.